நெடுங்கரை விலக்கில் நிற்காது

அக்டோபர் 10, திங்கள்

டைரி எழுதும் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. எங்கள் தொழிற்சங்கச் செயலாளர் சொன்னதால் எழுதுகிறேன். "எபனேசரு, மெமோ வந்த பொறவு மண்டையச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கக் கூடாது. அன்னன்னைக்கு நடந்தத அன்னன்னைக்கே எழுதி வையி. பதில் எழுத லேசா இருக்கும்" என்றார். விளக்கம் கேட்டு ஒரு மெமோ ஏற்கெனவே வந்தாயிற்று. இனி வரப் போவதற்காக இது.

நடந்தது இதுதான். எங்கள் மேலக்கோட்டூர் டவுன் பஸ்ஸில் காலை ட்ரிப்பில் பையன்கள் படியில் தொங்கிக்கொண்டு வந்ததை யாரோ காரில் வந்த புண்ணியவான் படம் பிடித்து வாட்ஸப்பில் விட்டுவிட்டான். படத்தில் பையன்கள் சிரித்துக்கொண்டு கை காட்டுகிறார்கள். டெப்போவில் கிளை மேலாளர் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "எவனாவது விழுந்து செத்தான்னா மொதல்ல வீட்டுக்குப் போறது நீங்க ரெண்டு பேருந்தான்" என்றார். நான் கண்டக்டர். டிரைவர் சங்கரநயினார் அண்ணாச்சி. அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார், அதுவரை ஒரு கறையும் படாமல் போய்ச் சேர வேண்டும் என்று குலதெய்வத்துக்கு நேர்ந்திருக்கிறார்.  

அக்டோபர் 12, புதன்

டீக்கடையில் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். மேலக்கோட்டூரில் கிளம்பும்போதே பஸ் முக்கால்வாசி நிறைந்துவிடும். நடுவில் இரண்டு ஊர். கடைசியாக நெடுங்கரை விலக்கு, ஊருக்குள் பாதை பிரிகிற இடம். ரோட்டிலிருந்து உள்ளே கொஞ்ச தூரத்தில் காலனி, விலக்கில் ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். அங்கே வந்து சேரும்போது உள்ளே மூச்சு விட இடமிருக்காது. அதற்கு மேல் ஏறுகிறவர்களால்தான் படியில் ஆள் தொங்குகிறது. ஆகவே அங்கே யாராவது இறங்க வேண்டியிருந்தால் மரத்தைத் தாண்டித் தள்ளி நிறுத்தி, நிற்கிறவர்கள் ஓடி வருவதற்குள் எடுத்துவிடுவது. இறங்க ஆளில்லை என்றால் போய்க்கொண்டே இருப்பது. இது ஒன்றும் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, ஊர் உலகத்தில் எல்லாரும் செய்வதுதான்.

மேலக்கோட்டூரில் இதைச் செய்ய முடியாது. மறுநாளே பத்துப் பேர் பஸ்ஸை மறித்துவிடுவார்கள். நெடுங்கரைக்காரர்கள் அப்படி வரமாட்டார்கள். வம்பு தும்புக்குப் போகாத நல்ல ஜனங்கள்.

அக்டோபர் 17, திங்கள்

நெடுங்கரை விலக்கில் அண்ணாச்சி நிறுத்தவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சின்னதுகள் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடி வந்தன. ஒரு பெண் மட்டும் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று பஸ்ஸைப் பார்த்தாள். பாஸில் பெயர் பார்த்த ஞாபகம், அனுசுயா, பிளஸ் டூ. டிக்கெட் கொடுக்கும் நெரிசலில் "சார், கொஞ்சம் பைய வச்சுக்கோங்க" என்று என்னிடமே பையைக் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடிக்கிற பிள்ளை. அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து வருகிறது. அதில் வரலாமே.

அக்டோபர் 21, வெள்ளி

சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். படியில் ஒருவரும் இல்லை. தீபாவளிக் கூட்டத்திலும் கூட.

நவம்பர் 3, வியாழன்

இப்போது விலக்கில் நிற்கிற பிள்ளைகள் மூன்று நான்கு பேர்தான். மற்றவர்கள் வேறு ஏதாவது ஏற்பாடு செய்துகொண்டிருப்பார்கள். மனிதர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

நவம்பர் 9, புதன்

இன்றைக்கு ஒரு சங்கடம். அந்த அனுசுயாவின் அப்பா மாசானம் டவுன் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். விடிவதற்கு முன்னால் முதல் பஸ்ஸில் போய்விடுவார், மத்தியான ட்ரிப்பில் எங்களோடு திரும்புவார். பஸ் காலியாக இருந்தாலும் கடைசி சீட்டில்தான் உட்காருவார். இன்று எழுந்து என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"கண்டக்டர் சார், ஒண்ணு கேக்கணும். காலைல நம்ம வெலக்குல பஸ்ஸு நிக்கதில்லன்னு புள்ள சொல்லுதா. பள்ளிக்கூடத்துலருந்து, தெனமும் லேட்டா வாரா, அப்பாவக் கூட்டிட்டு வான்னுட்டாங்களாம். நெசமா சார்?"

பஸ்ஸில் அரை டஜன் பேர் இருந்தார்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொன்னால் அது அப்படியே கிளைக்குப் போகும். ஒரு மெமோவின் ஈரமே இன்னும் காயவில்லை.

"யாருவே சொன்னா? நிக்காம எங்க போவோம்? தெனமும் நின்னு ஆள ஏத்திக்கிட்டுத்தான் போறோம்" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றார். கும்பிட்டுவிட்டுத் தன் சீட்டுக்குப் போய்விட்டார்.

பிள்ளைகள் வீட்டில் ஆயிரம் சொல்லும். எல்லாவற்றுக்கும் நாம் பஞ்சாயத்துப் பண்ண முடியாது. ஆனால் அவர் கும்பிட்டிருக்க வேண்டாம்.

நவம்பர் 14, திங்கள்

என் மகள் பெனிட்டாவின் ஸ்கூல் வேன் இன்று பத்து நிமிடம் தாமதம். பிள்ளை ரோட்டில் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். விடுப்பில் இருந்ததால் நானே பார்த்தேன். வேன் டிரைவரைக் கன்னாபின்னாவென்று ஏசிவிட்டேன். "பொட்டப் புள்ளய இப்படி நடுரோட்டுல நிறுத்தி வைக்கியே, ஒனக்கெல்லாம் புள்ள குட்டி இருக்கா?" என்று கேட்டேன். அவன் மன்னிப்புக் கேட்டான். பொறுப்பு என்கிற சாமானே இந்தக் காலத்து ஆட்களிடம் இல்லை.

நவம்பர் 24, வியாழன்

நெடுங்கரை தாண்டி ரயில்வே கேட் அருகில் ஒரு பைக் எங்களை முந்திப் போயிற்று. பின்னால் அந்தப் பெண் அனுசுயா, மடியில் பை. ஓட்டியவன் பக்கத்து ஊர்ப் பையன், டவுனில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான்.

"ஏ எபனேசரு, பாருடே. நம்ம பஸ்ஸு புடிக்கலன்னு புள்ள பிளசர் காருல போற கணக்கா போகுது" என்றார் அண்ணாச்சி.

"பைக்குக்கு நம்ம பாஸ் செல்லாதே அண்ணாச்சி. என்னத்தக் காட்டி ஏறிச்சோ" என்றேன் நான். பஸ்ஸே சிரித்தது. முன்சீட்டில் இருந்த கீரைக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பாவம் அது" என்றாள். சும்மா ஒரு தமாஷ்தான். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

நவம்பர் 28, திங்கள்

விலக்கில் இன்று ஒருவரும் நிற்கவில்லை.

டிசம்பர் 2, வெள்ளி

கிளை மேலாளர் கூப்பிட்டார்.  உட்காரச் சொன்னார்! "மேலக்கோட்டூர் வண்டி இப்பல்லாம் டயத்துக்கு வருது. படியில தொங்குற கம்ப்ளெயின்ட்டும் இல்ல. இப்படித்தான் இருக்கணும்" என்றார். வெளியே வந்து அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார், கூடவே ஒரு வடை. அவர் வடை வாங்கிக் கொடுத்து நான் இதுவரை பார்த்ததில்லை.

டிசம்பர் 19, திங்கள்

அரசுப் பள்ளித் தமிழ் டீச்சர் மரகதம் காலையில் வீட்டுக்காரர் பைக்கில் போய்விடுவார், திரும்பும்போது எங்கள் பஸ்ஸில்தான் வருவார். இன்று அரைப் பரீட்சை விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "நெடுங்கரை அனுசுயாவ எங்கயாவது பாத்தீங்களா? மூணு வாரமா வரல. பரீட்சையும் எழுதல. தமிழ்ல வகுப்புலயே அவதான் மொத மார்க்கு."

தெரியாது என்றேன். அது உண்மைதான், எனக்கு எப்படித் தெரியும்?

"காலைல லேட்டா வந்துக்கிட்டே இருந்தா. மணி அடிச்சதும் கேட்டப் பூட்டிருவாங்க. முதல் பீரியடு முழுக்க வெளியதான் நிப்பா. பஸ் நிக்கல டீச்சர்னு சொல்லுவா. நான் ஹெச்.எம்.கிட்ட சொன்னேன். ஒரு புள்ளைக்காக கேட்டத் தெறந்தா எல்லாரும் லேட்டா வருவாங்கன்னாங்க. எனக்கும் மேல பேசப் பயம்" என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். "பஸ் நிக்கத்தான செய்யுது?"

பின்னால் யாரோ டிக்கெட் கேட்டார்கள். போய்விட்டேன்.

மாலையில் டெப்போவில் அண்ணாச்சியிடம் சொன்னேன். "நீங்க அந்த வெலக்குல ஒரு நிமிஷம் நிறுத்தியிருக்கலாம் அண்ணாச்சி." அவருக்கு வந்ததே கோபம்.

"நானாடே நிறுத்தல? வெலக்கு வாரதுக்கு முன்னாடியே நீ ரெட்டை விசில் குடுத்துருவ. போ போன்னு விசில் குடுக்கவன் நீ, பிரேக் போடலன்னு என்னய சொல்லுதியா? ஒத்தை விசில் ஒரு நாளாவது குடுத்திருக்கியா? குடுத்து நான் நிறுத்தலன்னா கேளு."

அவர் சொன்னதும் சரிதான். இந்த டைரியிலும் அண்ணாச்சி நிறுத்தவில்லை என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். மெமோவுக்குப் பதில் எழுத வசதியாக.

டிசம்பர் 25, ஞாயிறு

பண்டிகை. பிரியாணி. பெனிட்டாவுக்குப் புது கவுன்.

ஜனவரி 5, வியாழன்

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

மத்தியான ட்ரிப்பில் மாசானம் ஏறினார். நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"என்னவே, மக பள்ளிக்கூடம் போகலையாமே?"

"நிறுத்திட்டேன் சார்." கைத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ அம்மாகூட உக்காந்து பீடி சுத்துதா. போதும் படிச்சது."

"ஏன்வே? பரீட்சைக்கு ரெண்டு மாசந்தான இருக்கு?"

"பஸ்ஸு நிக்கல, பஸ்ஸு நிக்கலன்னு தெனமும் ஒரே பாட்டு சார். நானும் நம்பிக்கிட்டு இருந்தேன். பள்ளிக்கூடத்துல போயி ஹெச்.எம். கிட்ட சண்டை போடணும்னுகூட நெனைச்சேன். நல்லவேள, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். அதுக்குப் பொறவுதான் யோசிச்சேன், நிக்கிற பஸ்ஸ நிக்கலன்னா, இவ அந்நேரம் எங்க போறா? அப்பறம் பைக்கு விஷயம் ஊரே பேசிச்சு. பஸ்ஸுல வச்சே சிரிச்சாங்களாம். கேட்டா, அன்னைக்கு பரீட்சைக்கு நேரமாச்சு, பஸ்ஸு நிக்காம போயிட்டு, அந்த அண்ணன் வழியில பாத்து ஏத்திக்கிட்டுன்னு அழுதா. அடிச்சிட்டேன் சார். பொறந்ததுலருந்து கை நீட்டுனது இல்ல."

தோளில் தொங்கிய டிக்கெட் பையைச் சரி செய்துகொண்டேன்.

"நீங்க மட்டும் சொல்லலன்னா எனக்குத் தெரியாமலே போயிருக்கும்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருப்பிய சார்."

மூட்டை தூக்கிக் காய்ச்சுப்போன கை. நெடுங்கரை விலக்கு வந்தது. மத்தியானத்தில் நாங்கள் அங்கே ஒழுங்காகத்தான் நிறுத்துவோம். இறங்கிப் போனார்.

ஜனவரி 8, ஞாயிறு

கோவிலில் பிரசங்கம் காதிலேயே விழவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது கிரேஸிடம் சொன்னேன். என் வீட்டுக்காரி எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை.

"அவர் கேட்டப்போ நீங்க என்ன சொன்னிய?"

"நிக்கும்னு சொன்னேன்."

"நின்னுச்சா?"

குழம்பில் உப்பு அதிகம் என்றேன். அவள் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து, "உப்பு சரியாத்தான் இருக்கு" என்றாள். 

ஜனவரி 12, வியாழன்

இன்று மாசானத்தைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. பொங்கல் கூட்டம்.

ஜனவரி 18, புதன்

இன்றும்.

ஜனவரி 22, ஞாயிறு

போனேன். காக்கிச் சட்டை போடாமல், வேட்டி கட்டிக்கொண்டு, என் டூவீலரில். இத்தனை வருஷம் அந்த விலக்கைத் தாண்டிப் போயிருக்கிறேன், உள்ளே போனது இதுதான் முதல் தடவை. காலனி நான் நினைத்ததைவிட உள்ளே இருக்கிறது. பிள்ளைகள் அங்கிருந்து நடந்து வந்துதான் விலக்கில் நின்றிருக்கிறார்கள்.

வீட்டு வாசலில் தாயும் மகளும் முறத்தில் இலையும் தூளும் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அனுசுயா எழுந்து நின்றாள். மாசானம் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு வந்தார். உட்காரத் தோன்றவில்லை. உட்கார்ந்தால் காப்பி கொடுப்பார்கள், காப்பி குடித்தால் சொல்ல வாய் வராது.

"மாசானம், அன்னைக்கு நீர் கேட்டதுக்கு நான் சொன்னது பொய்வே. காலைல நாங்க இங்க நிறுத்துறதே இல்ல. அக்டோபர்லருந்து நிறுத்தல. உம்ம மக சொன்னதுதான் நெசம்."

அவர் முதலில் சிரித்தார். நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு சிரிப்பு நின்றது.

"ஏன் சார்?"

"மெமோ குடுத்துட்டாங்க. படியில ஆளு தொங்குனா வேலைக்கே ஆபத்து. பஸ்ஸுல எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க, பயந்துட்டேன்."

சொல்லும்போதே என் காதுக்கே கேவலமாக இருந்தது. ஒரு பிள்ளையின் படிப்பை எடுத்துக்கொண்டு ஒரு மெமோவைக் காட்டுகிறேன். அவள் அம்மா இசக்கி சுற்றுவதை நிறுத்தியிருந்தாள். "காக்கிச்சட்டை போட்ட ஆளு பொய் சொல்ல என்ன இருக்குன்னு நெனைச்சோம் சார்" என்றாள். கோபமே இல்லாத குரல். கோபப்பட்டிருக்கலாம். மாசானம் என்னை ஒரு அறை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

அவர் மகள் பக்கம் திரும்பினார். "ஏ அனுசு..." என்றார்.  "நாளைக்கே போ தாயி. பஸ்ஸு நிக்கும். சார் சொல்லுதாகள்ல."

அவள் அப்பாவைத்தான் பார்த்தாள், என்னை இல்லை.

"நான் அழுது அழுது சொன்னேன்பா. அப்ப நம்பல. இவங்க பொய் சொன்னாங்க, நம்புனிய. இப்ப இவங்களே வந்து பொய்ங்குதாங்க, அதையும் ஒடனே நம்புதிய."

மறுபடி உட்கார்ந்து இலையை எடுத்தாள். நான் அவளிடம் கேட்டேன், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், பள்ளிக்கூடத்தில் இலவச சைக்கிள் கொடுப்பார்களே, அது இல்லையா என்று.

"அண்ணன் அதுலதான் மில்லுக்குப் போறான் சார்." சொல்லிவிட்டு, ஒரு கணக்குச் சொல்வது போலச் சொன்னாள்: "நாங்க எட்டுப் பேரு வெலக்குல நிப்போம். சின்னவளுக ரெண்டு பேரும் தீபாவளிக்கு முன்னாடியே பள்ளிக்கூடத்த விட்டு நின்னுட்டாளுக. அப்பறம் ஒவ்வொருத்தரா நின்னாங்க. நான்தான் கடைசி."

நான் போனதே ஒரு வீட்டுக்கு. இன்னும் ஏழு வீடு அந்தத் தெருவிலேயே இருந்தது. கதவைத் தட்டத் தைரியமில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 23, திங்கள்

இன்று ஒற்றை விசில் கொடுத்தேன். அண்ணாச்சி கண்ணாடியில் என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் மரத்தடியிலேயே நிறுத்தினார். யாரும் இல்லை. பஸ்ஸில் இருந்தவர்கள், "யாருக்காகவே நிக்கி?" என்று சத்தம் போட்டார்கள். ஒரு நிமிடம் நின்றோம்.

ஜனவரி 27, வெள்ளி

நின்றோம். ஆளில்லை.

பிப்ரவரி 3, வெள்ளி

தாமதம் ஏன் என்று மெமோ. உண்மையை எழுதிக் கொடுத்தேன்: நிறுத்தத்தில் நிறுத்தியதால். கிளை மேலாளர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "கிண்டலா?" என்றார். இல்லை சார் என்றேன். சங்கச் செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 6, திங்கள்

ஆறாம் வகுப்புச் சின்னப் பெண் ஒருத்தி ஏறினாள்! தனியாக. பெயர் காளீஸ்வரி. பயந்துபோய்ப் படிக்குப் பக்கத்திலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லி என் சீட்டைக் கொடுத்தேன். இப்போதெல்லாம் பையன்களைப் படியில் நிற்க விடுவதில்லை, உள்ளே தள்ளினால் இடம் வரத்தான் செய்கிறது. அக்டோபரிலும் தள்ளியிருக்கலாம். கத்திக் கத்தி நாள் பூராவும் தொண்டை கட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 27, திங்கள்

மரகதம் டீச்சர் சொன்னார்: "அனுசுயா பேர எடுக்கல. ஹால் டிக்கெட் வந்திருக்கு. வாங்கிக்கச் சொல்லுங்க. வந்து எழுதுனாப் பாஸாயிருவா." அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். ஹெச்.எம். பெயரை நீக்கச் சொன்னபோது ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டிருக்கிறார். பயந்த ஆள் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர்தான்.

மத்தியானம் மாசானத்திடம் சொன்னேன். "எங்கிட்ட அவ பேசுதே கெடையாது சார். சோறு வைக்கா, வச்சிட்டுப் போயிருதா. சொல்லிப் பாக்கேன்" என்றார். கடைசி சீட்டுக்குப் போகாமல் என் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார். 

மார்ச் 7, செவ்வாய்

ஹால் டிக்கெட்டை மாசானம் போய் வாங்கி வந்துவிட்டார். மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். எழுதுவாளா என்று கேட்டேன். "கையில குடுத்தேன். வாங்கிக்கிட்டா" என்றார்.

மார்ச் 13, திங்கள்

பிளஸ் டூ பரீட்சை முதல் நாள். காலையில் கிளம்பும்போதே அண்ணாச்சி, "இன்னைக்கு எவ்வளவு நேரம்னாலும் நிக்கேன்டே" என்றார். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டாலும் பரீட்சைக்கு முன்னால் போய்விடக் கணக்குப் போட்டு வண்டியைக் கொஞ்சம் முன்னதாகவே எடுத்தோம். கிளையில் கேட்டால் கேட்கட்டும். என் சீட்டில் துண்டைப் போட்டு ஆளை உட்கார விடாமல் பார்த்துக்கொண்டேன். மரகதம் டீச்சரும் இன்று காலையிலேயே எங்கள் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நெடுங்கரை விலக்கில் நிறுத்தினோம். சின்னப் பெண் காளீஸ்வரி மட்டும் நின்றாள். "அனுசுயாக்கா எங்க?" என்றேன். "தெரியாது சார்" என்றாள். காத்திருந்தோம். ஆட்கள் முணுமுணுத்தார்கள். கீரைக்காரம்மா எழுந்து, "நிக்கட்டும், ஒங்களுக்கு என்ன போகுது?" என்று எல்லாரையும் அதட்டினாள். காலனிப் பாதையில் ஒருவரும் வரவில்லை. பாதை முழுக்கத் தெரிந்தது, ஒரு நாய்கூட இல்லை. கடைசியில் அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் பரீட்சை இருந்தது. இரட்டை விசில் கொடுத்தேன். வாயில் அது அத்தனை கசந்ததில்லை.

ரயில்வே கேட் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிற ரோட்டில் அவளைப் பார்த்தேன். யூனிபாரம் போட்டுக்கொண்டு, கையில் புத்தகத்தைப் பிரித்தபடி, ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தாள். ஓரடி பின்னால் மாசானம், தோளில் அவள் பை, கையில் தண்ணீர் பாட்டில். மார்க்கெட்டுக்குப் போகவில்லை. இரண்டு பேர் காலும் முழங்கால்வரை புழுதி. விடிவதற்கு முன்னால் கிளம்பியிருக்க வேண்டும்.

ஒற்றை விசில் கொடுத்தேன். அண்ணாச்சி அவர்களை ஒட்டி நிறுத்தினார். நான் கீழேயே இறங்கிவிட்டேன்.

"ஏறும்மா. ஒனக்குன்னு சீட்டுப் போட்டு வச்சிருக்கேன். ரெண்டு பேரும் ஏறுங்க."

அவள் நின்றாள். புத்தகத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டாள். ஜன்னல் வழியாக மரகதம் டீச்சர், "ஏறு அனுசுயா, காலு வலிக்கும்" என்றார்.

"இல்ல டீச்சர், வந்துட்டோம்" என்றாள் அவரிடம். பிறகு என்னிடம், மரியாதையாகத்தான் சொன்னாள்: "இன்னைக்குப் பரீட்சை சார். பஸ்ஸ நம்பி வர முடியாதுல்லா."

மாசானம் என்னைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். இந்தத் தடவை மகள் பக்கமே நின்றார். "நடந்து போயிருதோம் சார். நீங்க போங்க" என்றார்.

இரண்டு பேரும் நடக்க ஆரம்பித்தார்கள். இடமில்லை என்று சொல்லி நான் ஏற்றாமல் விட்ட ஆட்கள் கணக்கில்லாமல் இருக்கிறார்கள். இடம் போட்டு வைத்தும் ஏறாத ஆளை இன்றுதான் பார்த்தேன். ரோடு கலங்கலாகத் தெரிந்தது. பஸ்ஸில் ஏறிக் கொஞ்ச நேரம் யாருக்கும் டிக்கெட் கொடுக்காமல் நின்றேன், அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் கிரேஸ் கேட்டாள், பரீட்சை எழுதினாளா என்று. எழுதினாள், மணி அடிக்க வெகு நேரம் முன்னாலேயே கேட்டுக்குள் போய்விட்டாளாம், டீச்சர் சொன்னார் என்றேன். திரும்பும்போது எங்கள் பஸ்ஸில் வந்தாளா என்று கேட்டாள். வரவில்லை.

அடுத்த பரீட்சை புதன்கிழமை, இங்கிலீஷ். அன்றைக்கும் நெடுங்கரை விலக்கில் நிற்போம். ஏறுவதும் ஏறாததும் அவள் இஷ்டம்.